ரவையின் அளவை யார் தீர்மானிக்கிறது?

போன மாதம் எங்கட வட்ஸ்அப் குழுவில ஒருத்தன் ஒரு யூரியூப் வீடியோ போட்டான். வயசான வெள்ளைக்கார மனுசன் ஒருத்தர், வீட்டுக்குப் பின்னால இருக்கிற பட்டறையில பழைய லீ என்ஃபீல்ட் றைபிள் ஒண்டைக் கழட்டி வைச்சிருக்கிறார். அதின்ர போல்ட்டைக் கையில எடுத்து, இது முந்தி எந்த ரவைக்காகச் செய்தது, இனி எந்த ரவையை ஏற்க வைக்கப் போறன் எண்டு பொறுமையா விளங்கப்படுத்துறார். இருபது நிமிசம். ஒரு வெடிகூட இல்லை. லேத் மெசின் சத்தமும் எண்ணெய் பூசின இரும்பும்தான்.

குழுவில எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. "என்ன மூளையடா" எண்டு ஒருத்தன். "இது கலை, அரசியல் கதைச்சுக் கெடுக்காதேங்கோ" எண்டு இன்னொருத்தி முன்கூட்டியே எழுதி வைச்சாள். உண்மையைச் சொன்னால் நானும் ரெண்டு தரம் பார்த்தன். வடிவான வேலை. ஆனால் அவள் கெடுக்க வேண்டாம் எண்டு சொன்ன அந்த அரசியலைத்தான் இங்கே கதைக்கப் போகிறேன். ஏனென்றால் ஒரு துவக்கு எந்த ரவையை ஏற்க வேண்டும் என்ற கேள்வியில், எங்கள் பகுதி உலகத்தில் அரசியல் கலக்காத காலம் ஒன்று இருந்ததில்லை.

முதலில் போல்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினையுங்கள். அதுதான் போல்ட். ரவையை முன்னால் தள்ளி அறைக்குள் வைக்கும், பின்பக்கத்தைப் பூட்டும், சுட்ட பிறகு வெற்றுக்கோதை இழுத்து வெளியே எறியும். வெடிக்கிற நேரம் பின்னால் வருகிற முழு அமுக்கத்தையும் தாங்கி நிற்பது அதுதான். அதுக்கு ஒரு சாண் தள்ளித்தான் சுடுகிறவரின் கன்னம் இருக்கும்.

இப்போது ரவை. 2009க்குப் பிறகு வன்னியில் சின்னப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு ரவைக்கோது என்றால் விளையாட்டுச் சாமான். பெரியாக்கள் ஏச ஏசப் பொறுக்கி வைத்திருப்போம், வாயில் வைத்து விசில் ஊதுவோம். அந்த ரி-56 கோதின் அடியில் சுற்றிவர ஒரு பள்ளம் ஓடும். அதில் நூல் கட்டிக் கழுத்தில் போட்டவர்களும் உண்டு. அந்தப் பள்ளத்துக்கு என்ன வேலை என்று அப்போது தெரியாது. போல்ட்டில் இருக்கிற சின்னக் கொளுவி ஒன்று அதைப் பிடித்துத்தான் கோதை வெளியே இழுக்கிறது. பழைய 303 ரவையில் அப்படிப் பள்ளம் இல்லை. அதன் அடி, ஆணியின் தலை மாதிரி வெளியே தள்ளி, 13.7 மில்லிமீற்றர் அகலமாக இருக்கும். பிறகு வந்த நேட்டோ 7.62 ரவையின் அடி 12 மில்லிமீற்றர். நீளமும் வேறு. 303இன் கோது 56 மில்லிமீற்றர், நேட்டோ ரவையின் கோது 51. எங்கட ரி-56இன் கோது 39. 7.62 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் எஸ்.எல்.ஆர் ரவை ரி-56க்குள் போகாது.

ஆகவே ரவையை மாற்றினால் போல்ட்டின் முகம் மாறவேண்டும், கொளுவி மாறவேண்டும், குழல் மாறவேண்டும், ரவைக்கூடு மாறவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலால், புது ரவையின் அமுக்கத்தைப் பழைய இரும்பு தாங்குமா என்று யாராவது பொறுப்போடு சொல்லவேண்டும். பூட்டிய போல்ட்டுக்கும் ரவைக்கும் இடையில் இருக்கவேண்டிய இடைவெளி மயிரிழைக் கணக்கு. அது பிசகினால் கோது கிழிந்து, கொதிக்கிற வாயு சுடுகிறவரின் முகத்துக்கே வரும். பிரித்தானிய இராணுவத்தின் சொந்தத் தொழிற்சாலைகளே இதில் தடுமாறின. 1960களில் நம்பர் 4 லீ என்ஃபீல்ட்டுகளை 7.62க்கு மாற்றிப் பார்த்தார்கள். குறி சரிவரவில்லை, பெருமளவில் செய்யாமல் விட்டார்கள். பிறகு பாரமான புதுக் குழல் போட்டு, எல்42ஏ1 என்ற பெயரில் சினைப்பர்களுக்காக மாத்திரம் ஆயிரத்துச் சொச்சம் செய்தார்கள். வீடியோ பார்த்த கையோடு "நாங்களும் செய்யலாம்" என்று கொமண்ட் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சட்டம் பிடிக்கிறது இருக்கட்டும், முதலில் கண் போகும்.

தொழில்நுட்பம் இவ்வளவுதான். இனி அரசியல்.

1857இல் வட இந்தியாவில் கிளர்ச்சி வெடித்ததுக்குக் காரணம் பல. ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லாரும் படிச்ச காரணம் ஒரு தோட்டா. புதிதாக வந்த என்ஃபீல்ட் றைபிளின் கடதாசித் தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசியிருக்கு, அதை வாயால் கடித்துத் திறக்கச் சொல்லுகிறார்கள் என்ற கதை. கதை அதோடு முடிந்துவிடுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதுக்குப் பிறகு துவக்குக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

கிளர்ச்சியை அடக்கிய பிறகு பிரித்தானியர் எடுத்த பாடம் எளிமையானது. இந்தியச் சிப்பாய் எங்களுக்கு வேண்டும், ஆனால் அவன் கையில் எங்களுடையதைப் போலத் துவக்கு இருக்கக்கூடாது. பீரங்கிகளைப் பெரும்பாலும் வெள்ளைக்காரரின் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். சிப்பாய்க்கு 1858ஆம் ஆண்டு மாதிரி என்று ஒரு துவக்குக் கொடுத்தார்கள். பார்த்தால் அதே என்ஃபீல்ட். ஆனால் குழலுக்குள் இருக்கவேண்டிய திருகு வெட்டு இல்லை, மொழு மொழுவென்று இருந்தது. திருகு வெட்டுத்தான் சன்னத்தைச் சுழல வைத்து, நேராகத் தூரம் போக வைப்பது. அதை எடுத்துவிட்டால் றைபிள் பழைய மஸ்கட்டாகிவிடும். ஒரே உடுப்பு, ஒரே அணிவகுப்பு, வெளியால பார்க்க ஒரே துவக்கு. உள்ளுக்குள்ள மட்டும் வேறை.

1866இல் அதே என்ஃபீல்ட்டின் பின்பக்கத்தை வெட்டித் திறந்து மூடுகிற கதவு ஒன்று வைத்து, ஸ்னைடர் என்ற துவக்கை உண்டாக்கினார்கள். பின்னால் ரவை போடுகிற துவக்கு. சக்கனமான, கெட்டிக்கார மாற்றம்தான். ஆனால் அது இந்தியச் சிப்பாயின் கைக்கு வந்து சேர்ந்தபோது, வெள்ளைக்காரப் படைகள் அடுத்த துவக்கான மார்ட்டினி ஹென்றிக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒரு தலைமுறை இடைவெளி தற்செயலாக வந்தது இல்லை. அதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். 1878இல் வந்த ஆயுதச் சட்டம் பொதுமக்களுக்கும் அதே கணக்கைக் கொண்டுவந்தது. இந்தியன் என்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும், ஐரோப்பியன் என்றால் வேண்டாம்.

இதில் என்னை ஆகப் பாதித்தது கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கிற இசாப்பூர் துவக்குத் தொழிற்சாலையில் நடந்த வேலை. அங்கேதான் 303 லீ என்ஃபீல்ட் இந்தியாவில் செய்யப்பட்டது. அங்கேயே கொஞ்ச 303களை எடுத்து .410 மஸ்கட்டாக மாற்றினார்கள். குழலுக்குத் திருகு வெட்டு இல்லை. பத்து ரவை போடுகிற ரவைக்கூட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு தரமும் ஒரு ரவையாகக் கையால் போட்டுச் சுடவேண்டும். ரவையும் கடையில் வாங்குகிற .410 தோட்டா இல்லை. 303 கோதைக் கழுத்து ஒடுக்காமல் நேர்க் குழாயாக விட்டுச் செய்த தனி ரவை. இந்தத் துவக்குகள் போனது பொலிசாருக்கும் சிறைக் காவலாளிகளுக்கும்.

ஏன் இவ்வளவு கரைச்சல்? பொதுவாகச் சொல்லப்படுகிற காரணம் இது: கலகக்காரர் பொலிஸ் நிலையத்தையோ சிறைச்சாலையையோ அடித்துத் துவக்கைப் பறித்தால், அது அவர்களுக்கு உதவக்கூடாது. இராணுவத்தின் 303 ரவை எத்தனை பெட்டி கிடைத்தாலும் இந்தத் துவக்கில் போட்டுப் படைக்கு எதிராகச் சுட ஏலாது. இந்தத் துவக்கின் ரவையோ அரசாங்கத்திடம் மட்டும்தான் இருக்கும்.

இந்த ஏற்பாட்டின் அர்த்தத்தை ஒருக்கா நிதானமாகப் பாருங்கோ. அரசாங்கம் பயந்தது கலகக்காரனுக்கு மட்டும் இல்லை. தனக்காகக் காவல் நிற்கிற அந்தப் பொலிஸ்காரனுக்கும்தான். சனத்தைச் சுடத் தேவையான அளவுக்கு அவன் கையில் பலம் இருக்கவேண்டும். ஆனால் அவன் திரும்பி நின்றால் எங்களுக்கு ஆபத்து வரக்கூடாது. இந்த ரெண்டு அளவுக்கும் நடுவில் சரியாகப் பொருந்துகிற ஒரு துவக்கை, ஒரு பொறியியலாளர் மேசையில் இருந்து அளந்து கீறியிருக்கிறார். அவர் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. வீடியோவில் வந்த மனுசன் மாதிரி, தன்ர வேலையை விரும்பிச் செய்கிற ஒருவராகவும் இருந்திருக்கலாம்.

அதே பயம் வேட்டைக்காரரின் துவக்குக்கும் போனது. 1907 அளவில் பிரித்தானிய அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 விட்டத் துவக்குகளைத் தடை செய்தது. பழைய மார்ட்டினிகளுக்கும் அந்த அளவு பயன்படும் என்பதால்தான். யானை வேட்டைக்குப் போகிற துரைமாருக்காக லண்டன் கம்பனிகள் .470, .465 என்று புதுப் புது அளவுகள் கண்டுபிடித்தன. இன்றைக்கும் ஏலத்தில் பெரும் விலைக்குப் போகிற அந்தத் துவக்குகளின் அளவு, காட்டில் எந்த மிருகம் விழும் என்பதால் மட்டும் வந்ததில்லை. இந்தியன் கையில் எந்த ரவை கிடைக்கக்கூடாது என்பதாலும் வந்தது.

"சரி, வெள்ளைக்காரன் அப்பிடித்தான்" என்று இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் எல்லாருக்கும் சுகம். ஆனால் இசாப்பூர் தொழிற்சாலை 1947இல் மூடப்படவில்லை. சீனாவுடனான 1962 யுத்தத்துக்குப் பிறகு, அதே தொழிற்சாலை அதே பழைய வடிவத்தில் 7.62 ரவைக்கு ஒரு றைபிள் செய்தது. 2ஏ, 2ஏ1 என்று அதுக்குப் பெயர். புது ரவையின் அமுக்கத்தைத் தாங்குவதற்காக, பழைய துவக்கை மாற்றாமல் திறமான உருக்கில் புதிதாகவே செய்தார்கள். அது பாராட்டவேண்டிய பொறியியல். ஆனால் .410 மஸ்கட்டும் காணாமல் போகவில்லை. சுதந்திர இந்தியாவின் பொலிஸ் ஆயுதப் பட்டியல்களில் அது தொடர்ந்து இருந்தது. பொதுமக்களுக்கு 303 தடை. அதே லீ என்ஃபீல்ட் போல்ட்டோடு, இராணுவம் பாவிக்காத .315 அளவில் ஒரு துவக்கை அரசுத் தொழிற்சாலையே செய்து விற்றது. உத்தரப் பிரதேசப் பொலிசார் 303ஐ ஒருவழியாக வழியனுப்பி வைத்தது 2020ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தில். கொடி மாறியது, சட்டப் புத்தகத்தின் அட்டை மாறியது. "யாருக்கு எந்த அளவு ரவை" என்ற அட்டவணை அப்படியே கைமாறியது.

இலங்கைக்கும் இது புதுக்கதை இல்லை. எங்கட துவக்குச் சட்டத்தின் அடி 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். திருத்தங்கள் வந்திருக்கின்றன, அத்திவாரம் அதே குடியேற்றவாதக் காலத்துடையது. தோட்டக்காரருக்கு, பன்றியும் குரங்கும் விரட்ட, அனுமதிப்பத்திரத்தோடு ஒரு சொட்கன். அனுமதியை வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும். யுத்தம் தொடங்கின காலத்தில் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படை என்று சாதாரண சனத்தை நிறுத்தினபோது, அவர்களில் கனபேரின் கையில் முதலில் கொடுத்ததும் சொட்கன்தான். எதிரில் வந்தவர்களின் கையில் தானியங்கித் துவக்கு. படையினர் கையிலும் தானியங்கித் துவக்கு. நடுவில் நிற்கிற ஏழை விவசாயிக்கு மட்டும் ரெண்டு தோட்டா. அந்தச் சனம் யாராக இருந்தாலும், சிங்களவராக இருந்தாலும் முஸ்லிம்களாக இருந்தாலும், அவர்களைச் சாகக்கூடிய இடத்தில் நிறுத்திவிட்டு, நம்பிக்கையை மட்டும் அளந்து கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இசாப்பூரின் மரக்கட்டையும் இதுவும் ஒரே யோசனையின் ரெண்டு பிள்ளைகள்.

அனுமதி கிடைக்காதவன் என்ன செய்தான்? இடியன் துவக்குச் செய்தான். தண்ணிக் குழாய், கம்பி, தீப்பெட்டி மருந்து. கட்டுத்துவக்காக்கிக் காட்டுப் பாதையில் கட்டினான். அது பன்றியையும் சுட்டது, யானையின் காலையும் சுட்டது, விறகு பொறுக்கப் போன மனுசரின் முழங்காலையும் சுட்டது. மேலே இருந்து அளந்து கொடுக்கிற அதிகாரம் ஒரு பக்கம் என்றால், அளவே இல்லாமல் கீழே இருந்து முளைக்கிற ஆபத்து மற்றப் பக்கம். ஆகவே நான் "எல்லாருக்கும் எல்லாத் துவக்கும் குடுங்கோ" என்று கேட்கவில்லை. அதை இந்த மண்ணில் வளர்ந்த ஒருத்தர் கேட்க ஏலாது. கட்டுப்பாடு வேண்டும். ஆனால் கட்டுப்பாடு எதுக்காக என்பதைப் பார்க்க வேண்டும். சனத்தின் உயிரைக் காப்பாற்றவா, ஆள்கிறவரின் கதிரையைக் காப்பாற்றவா? .410 மஸ்கட்டின் வேலை ரெண்டாவது. அது சனத்தைச் சுடுவதைத் தடுக்கவில்லை. அரசைச் சுடுவதைத்தான் தடுத்தது.

இன்னொரு விசயமும் இருக்கு. அந்தத் தடையே கடைசியில் நிலைக்கவில்லை. இசாப்பூரின் .410 மஸ்கட்டுகளில் கனக்க, பிறகு உபரிச் சாமானாக அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் விற்கப்பட்டன. அங்கே ஆட்கள் அவற்றின் ரவை அறையைக் குடைந்து பெருப்பித்து, கடையில் வாங்குகிற .410 தோட்டா போடக்கூடியதாக மாற்றினார்கள். ஒரு ரவையும் கிடைக்கக்கூடாது என்று கணக்குப் போட்டுச் செய்த துவக்கு, கடைத்தெருவில் ரவை கிடைக்கிற துவக்காக மாறிவிட்டது. இப்ப முயல் சுடுகிறார்கள், அது பரவாயில்லை. ஆனால் பாடம் முக்கியம். துவக்கைச் செய்கிறவரின் எண்ணம் துவக்கின் ஆயுளுக்கு நிலைக்காது. நல்ல உருக்கில் செய்த போல்ட் நூறு வருசத்துக்கும் மேல் இருக்கும். அது எத்தனை கை, எத்தனை கொடி மாறும் என்று செய்தவருக்குத் தெரியாது. துவக்கைக் "கொஞ்சம் ஆபத்துக் குறைஞ்சதாக" மாற்றி வைப்பது தீர்வு என்று சொல்கிறவர்களுக்கு இந்த மஸ்கட்டுகள் போதும். வேண்டாத துவக்குக்கு ஒரே ஒரு நம்பகமான மாற்றம்தான் உண்டு: உருக்கிவிடுவது.

எங்கட ஆட்களிலும் ஒரு பழக்கம் இருக்கு. துவக்கின் பெயர், ரகம், எத்தனை ரவை, எவ்வளவு தூரம் என்று பாடமாக வைத்திருப்பார்கள். வீரத்தை அதால்தான் அளப்பார்கள். யுத்தத்தைக் காணாத பிள்ளைகளும் இப்ப வீடியோ கேம் பார்த்து அதே மாதிரிக் கதைக்கினம். அவையளுக்கு நான் சொல்ல விரும்புகிறது, துவக்கு ஒரு தனிப் பொருளில்லை என்பது. ரவை இல்லாத துவக்கு இரும்புப் பொல்லு. அந்த ரவையைச் செய்கிறவன், விற்கிறவன், அளவைத் தீர்மானிக்கிறவன் எல்லாரும் எப்பவும் வேறை எங்கேயோ, பாதுகாப்பான இடத்தில் இருப்பான். துவக்கைத் தூக்கினவனுக்குப் பலம் வந்ததுபோல இருக்கும். அந்தப் பலத்தின் அளவை இன்னொருத்தன் ஏற்கனவே மேசையில் வைத்து அளந்து முடித்திருப்பான்.

"தொழில்நுட்பம் நடுநிலையானது, பாவிக்கிற ஆளில்தான் பிழை" என்ற மறுமொழி வரும் என்று தெரியும். தண்ணி மோட்டருக்கு அது பொருந்தலாம். ரவைக்கூட்டின் இடத்தில் இருந்த மரக்கட்டைக்குப் பொருந்தாது. அந்தக் கட்டைக்கு ஒரே ஒரு பாவனைதான் இருந்தது, அதைப் பாவித்த ஆள் துவக்கைப் பிடித்திருந்தவன் இல்லை.

குழுவில் அந்த வீடியோவுக்குக் கீழே நான் கடைசியில் ஒன்றும் எழுதவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி கெடுக்காமல் விட்டேன். இங்கே எழுதுகிறேன். லேத்தில் வேலை பார்க்கிற கைகளை மதிக்கிறேன், எங்கட ஊரில் மருந்து தெளிக்கிற மெசினுக்கும் உழவு மெசினுக்கும் இல்லாத பாகத்தைச் செய்து தருகிற கைகளும் அவைதான். ஆனால் அடுத்த முறை யாராவது ஒரு போல்ட்டைக் காட்டி, இது இனி வேறு ரவையை ஏற்கும் என்று சொன்னால், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிற அதே ஆர்வத்தோடு, அந்த ரவை யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கோ.